விசிறி இல்லாத பெட்டி

நிக்கானோர் கோல்கேவுக்குக் காது மந்தம் என்பது உயரமான மலைமேட்டில் இருக்கும் ஒருரோ நகரத்தில் எல்லாருக்கும் தெரியும், நிக்கானோருக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்றால், தெரியாத மாதிரி இருந்தான். விழாக்காலத்தில் பித்தளை வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடிக்கிறவன் அவன். இடது காதுக்குப் பின்னால் வரிசையாக டிரம்பெட்காரர்கள், வலது காதை ஒட்டி ஜால்ராக்காரன், நடுவில் இவன் மேளம். வாலிபத்திலிருந்து இதே இடத்தில் நின்றால் எந்தக் காதுதான் தாங்கும்?

முழுச் செவிடு என்று சொல்லிவிட முடியாது. லாரி வருவது கேட்கும். அடுத்த தெருவில் எவனாவது டூபா ஊதினால் எந்தக் குழு என்று சொல்லிவிடுவான். மெல்லிய சத்தங்கள்தான் அவனை விட்டுப் போயிருந்தன. கெட்டில் விசிலடிப்பது, கோழிக்குஞ்சு கத்துவது, பக்கத்தில் இருப்பவர் குசுகுசுப்பது எல்லாம் போய்விட்டது. காதுக்கு ஒரு கருவி வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னால் மட்டும் நன்றாகக் கேட்கும், கோபமும் வரும். "மேளக்காரன் காதுல மெஷினா? குழுவுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கவா?" என்பான்.

அதற்குப் பதிலாக ஒரு வழி வைத்திருந்தான். எதிரே இருப்பவர் வாய் அசைந்து நின்றதும் தலையை ஆட்டி, "ஆமா, ஆமா" என்பான். பெரும்பாலும் அது பொருந்திவிடும். மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசி, ஆமா போட்டால் போதும் என்கிற பேச்சுதானே. எப்போதாவது மாட்டிக்கொள்வான். பக்கத்து வீட்டுக்காரனிடம் அப்படி ஆமா போட்டதில், அவன் மகள் கல்யாணத்துக்கு கேக் வாங்கித் தரும் ஞானத்தகப்பன் ஆகிவிட்டான். இந்த வருஷம், ஜூன் மாதக் கடுங்குளிரில் வரும் சான் குவான் திருநாள் இரவில், தெருவெல்லாம் நெருப்பு மூட்டிக் குளிர்காயும்போது, மனைவி தெல்ஃபினா அவன் பக்கம் சாய்ந்து நீளமாக ஏதோ சொன்னாள். அவன் வாய் நிறைய சாசேஜை வைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா, ரொம்ப" என்றான். அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான்.

தெல்ஃபினாவின் குரலை அந்த மேட்டு நிலம் முழுக்க அறியும். நகர வானொலியில் காலைச் செய்திகள் சொன்னவள் அவள். உலகச் செய்தி அல்ல, வீட்டுச் செய்தி. "மேட்டுப்பட்டியில் இருக்கும் இலாரியோ ஐயா கவனத்துக்கு. உங்கள் மகன் வியாழக்கிழமை லாரியில் வருகிறான். சாலைக்குக் கழுதையோடு வரவும், அரிசி மூட்டை இருக்கிறது." கைபேசி எட்டாத ஊர்களில் ஆடு லாமா மேய்க்கிறவர்கள் அவள் சொன்னால்தான் நம்புவார்கள். கனத்த, அடித்தொண்டைக் குரல். நிக்கானோரின் காதில் எல்லாம் போன பிறகும் அந்தக் குரல் மட்டும் போகாமல் இருந்தது.

இந்த வருஷம் கார்னிவல் முடிந்த கையோடு அவளுக்குக் கழுத்துக் கழலை அறுவை சிகிச்சை நடந்தது. குரல் நரம்பு பலவீனப்படலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் செய்தார், அப்படியே ஆனது. கழலை போனது, கூடவே குரலும் போனது. மிச்சம் இருந்தது வெறும் காற்று. சருகு மேல் பூனை நடந்த மாதிரி ஒரு கிசுகிசுப்பு. சரியாக அந்த மாதிரிச் சத்தம்தான் நிக்கானோரின் காதை விட்டு முதலில் போனது. இதைவிடக் கொடுமையாக யாராலும் யோசித்திருக்க முடியாது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் வீடு அவனுக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் எதிரேதான் இருக்கிறாள், சூப்பு ஊற்றுகிறாள், வாய் அசைகிறது. ஒன்றும் வந்து சேரவில்லை. "ஆமா, ஆமா" என்பான்.

ஜூன் மாதம் வானொலியின் புது இயக்குநர் தெல்ஃபினாவுக்குச் சொல்லி அனுப்பினார். குளிர்கால விடுமுறை முடிந்ததும் குழந்தைகளுக்குத் தூங்கும் நேரக் கதை ஒன்று தினமும் போடப் போகிறார்கள். தூங்க வைக்கிற கதைக்குக் கத்துகிற குரல் எதற்கு, இந்தக் கிசுகிசுப்பே அழகுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்து ஒரு மாதிரி அனுப்ப வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: பின்னால் இரைச்சல் இருக்கக் கூடாது.

தெல்ஃபினா அன்றைக்குப் பழைய சிவப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள், வானொலிக்கு வேலைக்குப் போகும்போது போர்த்துவது. வீட்டுக்குள்ளேயே அதைப் போர்த்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு கதை படித்து அனுப்பினாள். அது திரும்பி வந்தது. கதைக்குப் பின்னால் யாரோ மாவரைக்கிற மாதிரி இருக்கிறது என்றார் இயக்குநர். அந்த இரைச்சல் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருடையது. அதற்கு மேலே கேட்கட்டும் என்று அவள் தம் கட்டிப் படித்தாள், தொண்டை வீங்கிக்கொண்டது. இனி இப்படி இழுத்துப் பேசினால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

நிக்கானோர் வார நாட்களில் ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அந்தக் கம்ப்யூட்டரே அவன் கையால் பூட்டியதுதான். பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான்.

"எங்க சத்தம்? ஒண்ணுமே இல்லையே! அந்த ஆளுக்குக் காதுல ஏதோ கோளாறு" என்றான்.

தெல்ஃபினா அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அவன் கையைப் பிடித்து, திறந்திருந்த பெட்டிக்குள் விரலை வைத்தாள். பிராசசர் மேல் ஒரு விசிறி அதிர்ந்தது. மின்சாரப் பெட்டிக்குள் ஒன்று. மதர்போர்டின் மூலையில், ரூபாய்க் காசு அளவில் ஒரு குட்டி விசிறி, கோபக்கார வண்டு மாதிரி. இவ்வளவு நாளும் இவை மூன்றும் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன, அவனுக்குத் தெரியவே இல்லை.

விசிறியே இல்லாத ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவது என்று அன்றைக்கு முடிவு செய்தான். மற்ற சாமான்கள் சுலபம். சுழலாத டிஸ்க் கிடைக்கும், லேப்டாப்புக்கு இருப்பது போல வெளியில் வைக்கிற மின்சாரக் கட்டை கிடைக்கும். மதர்போர்டுதான் கஷ்டம். ஒருரோ கடைகளில் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். விளக்கு மினுக்கும் போர்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்களாம்.

ஜூலையில் லா திரானா மாதா திருவிழாவுக்கு எல்லை தாண்டி சிலி நாட்டுக்கு வாசிக்கப் போவது அவர்கள் குழுவின் வழக்கம். திருவிழா முடிந்ததும் கடற்கரையில் இருக்கும் இக்கிக்கே நகரத்துக்கு இறங்கி, ஆளுக்கு ஒரு மூட்டை சாமான் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். இந்தத் தடவை நிக்கானோர் நேராகக் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனான். கூடவே டிரம்பெட் ஊதும் ஃபோர்துனாத்தோ. இவன் மனைவியின் தம்பி அவன், வாய் ஓயாதவன், காது மட்டும் கூர்மை.

கடையில் யாஸ்னா என்று ஒரு நடுவயதுப் பெண்மணி. விசிறி இல்லாத போர்டு வேண்டும் என்றதும் ஆளை மேலும் கீழும் பார்த்தாள். தோளில் பெரிய மேளம், சட்டையெல்லாம் பொன் சரிகை.

"நீங்க வாசிக்கறவரா, ஐயா?"

"ஆமா, ஆமா."

"உங்களுக்கா சத்தம் ஆகாது?"

"ஆமா, ஆமா" என்றான். ஃபோர்துனாத்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவள் மேசையில் ஒரு போர்டை வைத்தாள். ஓரமெல்லாம் வண்ண விளக்கு. "மாமா, இதை எடுத்துடு. கார்னிவலுக்கு முகமூடி வாங்கற செலவு மிச்சம்" என்றான் ஃபோர்துனாத்தோ. அடுத்ததில் விளக்கு இல்லை, மேலே அழகான ஒரு மூடி மட்டும். இதில் விசிறி தெரியவில்லையே என்று நிக்கானோர் குனிந்தான். அவள் மின்சாரம் கொடுத்ததும் மூடி மேல் நுனிவிரலை வைத்தான்.

"இங்க ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்."

யாஸ்னா சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றினாள். உள்ளே குட்டி விசிறி. "பரவாயில்லையே. நிறைய பேர் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டுத்தான் கண்டுபிடிப்பாங்க" என்றாள்.

மூன்றாவது போர்டு உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பிராசசரே அதில் பற்றவைத்து வந்திருந்தது. அதன் மேல் விசிறி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நின்றன, பெரிய சீப்பு ஒன்றைக் கவிழ்த்து நட்டது போல.

"இதுல எது சுத்தும்?"

அவள் அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஐயா! தகடு வழியா சூடு தானா மேல போயிடும். ஆனா வேகம் கம்மி. விளையாட்டெல்லாம் ஓடாது."

"கதை படிக்க வேகம் எதுக்கும்மா? வேகமாப் படிச்சா குழந்தை எப்படித் தூங்கும்?"

அவள் அதை ஓட விட்டாள். நிக்கானோர் விரலை வைத்துப் பார்த்தான். அது போதாது என்று மேளம் அடிக்கும் கோலின் கைப்பிடியைப் போர்டின் ஓரத்தில் முட்டுக் கொடுத்து, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். மேளத் தோலில் எங்கே விரிசல் என்று பார்க்க அவன் செய்கிற வேலை இது. காது விட்டதைப் பல் பிடித்துவிடும். கடையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை.

ஃபோர்துனாத்தோவும் காதை வைத்துப் பார்த்தான். "மாமா, சுத்தமா ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் கேக்கல!" என்றான் நிக்கானோர் பெருமையாக.

"உனக்கு எதுதான் கேக்கும்?"

வெயிலில் நன்றாக ஓடவிட்டு, தகடு கைபொறுக்கும் சூட்டிலேயே இருப்பதைப் பார்த்து, அதையே வாங்கினான். அதற்கேற்ற சின்னப் பெட்டியும் அங்கேயே வாங்கினான். மேற்புறம் முழுக்கச் சல்லடை மாதிரித் துளை. யாஸ்னா அதைக் கட்டிக் கொடுக்கும்போது வாசலில் ஒரு லாரி பின்னோக்கி வந்து உறுமிக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பரப்பி, அப்படி இல்லை என்கிற மாதிரி தலையை அசைத்தாள். விரல்களைக் குவித்து எதையோ தூவிக் காட்டி, மறுபடியும் தலையை அசைத்தாள்.

"ஆமா, ஆமா" என்றான் நிக்கானோர். அவள் சந்தேகத்தோடு இன்னொரு முறை சொன்னாள். "ஆமாம்மா, ஆமா. கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும்" என்று பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

ஊருக்கு வந்து ஒரே மூச்சில் பூட்டி முடித்தான். தெல்ஃபினா பெட்டியில் காதை வைத்தாள், நிமிர்ந்தாள், கையை மார்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அதற்குக் காது தேவையில்லை.

ஆனால் புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் பூமித்தாய் பச்சமாமாவுக்கு ஒரு வாய் ஊற்றாமல் ஒருரோவில் யார் தொடுவார்கள்? அன்றைக்கு ஆகஸ்டு மாத முதல் வெள்ளி வேறு, பச்சமாமா பசியோடு இருக்கும் மாதம் அது. சும்மா விட முடியுமா? ஃபோர்துனாத்தோ பீர் வாங்கி வந்தான். தரையின் நாலு மூலையிலும் ஊற்றினார்கள், பெட்டி மேல் ஊற்றக் கூடாது என்கிற அறிவு இருந்தது. காகிதச் சுருளைப் பெட்டிக்கு மாலை மாதிரி சுற்றினார்கள். வண்ணக் காகிதப் பொடியைத் தூவும் முறை வந்தபோது நிக்கானோர் தாராளமாக நடந்துகொண்டான். கை கையாக அள்ளிக் கொட்டினான். "இது நல்லா ஓடட்டும், என் கிழவி குரல் ஊரெல்லாம் போகட்டும்" என்று சொல்லிச் சொல்லிக் கொட்டினான். கண் கலங்கியிருந்தது. கடைசியில் மேலே குவிந்திருந்ததை உள்ளங்கையால் பாசத்தோடு தடவியும் விட்டான்.

மறுநாள் தெல்ஃபினா சிவப்புச் சால்வையோடு மைக் முன்னால் உட்கார்ந்தாள். இருமல் வந்த ஒரு லாமாவின் கதை, அவளே எழுதியது. லாமா மலை ஏறுவதற்குள் திரை கறுத்துப்போனது. கம்ப்யூட்டர் தானே அணைந்துவிட்டது. ஆறவிட்டு மறுபடி தொடங்கினார்கள், மறுபடி அணைந்தது. பெட்டியின் மேற்புறத்தைத் தொட்ட நிக்கானோர் விரலை உதறினான்.

"சொரோச்சி பிடிச்சிருக்கு, மாமா! கடற்கரைப் பொருள் இல்ல இது? உயரத்துக்கு வந்ததும் தலை சுத்தி மயக்கம் போட்டுடுச்சு. கொக்கா இலைத் தேநீர் குடு, சரியாயிடும்" என்றான் ஃபோர்துனாத்தோ.

கேலியாகச் சொன்னதுதான், ஆனால் நிக்கானோருக்கு அது உறைத்தது. இக்கிக்கே கடல்மட்டத்து ஊர். இங்கே காற்று மெல்லிசு. வெளியூர் ஆட்டக்காரர்களுக்குப் பந்தைத் துரத்த முடியாமல் நாக்குத் தள்ளுகிறது, உருளைக்கிழங்கு வேக அரைநாள் ஆகிறது. காற்றை நம்பி நிற்கிற தகடு இங்கே என்ன செய்யும்? இதை யோசிக்காமல் கடலோரத்தில் தொட்டுப் பார்த்து வாங்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஜன்னலைத் திறந்துவைத்தால் குளிர்காற்று உதவும் என்று பார்த்தார்கள். தெல்ஃபினா கோட்டு, தொப்பி, கம்பளி எல்லாம் போட்டுக்கொண்டு படித்தாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது, ஆனால் தெரு முழுவதும் கதைக்குள் வந்துவிட்டது. நாய் குரைத்தது, கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான், எதிர்வீட்டில் எவனோ டிரம்போன் பழகினான்.

அடுத்த வாரம் இயக்குநர் கடைசியாகக் கேட்டனுப்பினார். இந்த வாரத்துக்குள் மாதிரி வராவிட்டால் லா பாஸ் நகரத்தில் வேறொரு பெண் தயாராக இருக்கிறாள். தெல்ஃபினா அதைக் கேட்டுவிட்டு நிக்கானோரிடம் வந்தாள். விரலைச் சுழற்றிக் காட்டினாள், விசிறி மாட்டிவிடு என்று. மைக்கை எடுத்து அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சால்வையை மடித்து அதன் மேல் வைத்து, இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவள் அழுதிருந்தால்கூட நிக்கானோர் தாங்கியிருப்பான். வேண்டாத பாத்திரத்தை ஒதுக்குவது போல அவள் அதைச் செய்தது அவனைக் கொன்றது.

மாலையில் ஃபோர்துனாத்தோ கடைத்தெருவிலிருந்து ஒரு குட்டி விசிறி வாங்கி வந்தான். நிக்கானோர் திருப்புளியை எடுத்து, எதிரியை வீட்டுக்குள் அழைக்கிறவன் மாதிரி மனசில்லாமல் பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றினான். பூட்டிய நாளுக்குப் பிறகு அதை அவன் திறக்கவே இல்லை. சூடு காற்றால் வந்தது என்று ஆனபின் எதற்குத் திறக்க வேண்டும்?

உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றான்.

அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இடமே இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. காகிதப் பொடி துளை வழியாக இறங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் திணித்த மாதிரி நிரம்பியிருந்தது. சில துண்டுகள் சூட்டில் பழுத்துச் சுருண்டிருந்தன. கை கையாக அவனே அள்ளிக் கொட்டியது. உள்ளங்கையால் தடவி உள்ளே தள்ளிவிட்டதும் அவன்தான்.

"அட பாவி மாமா!" என்று ஃபோர்துனாத்தோ தலையில் கை வைத்தான். "அந்தம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே! மேல எதையும் மூடாதீங்க, உங்க ஊர்ல புதுப் பொருளுக்குப் பேப்பர் தூவுவீங்க, இதுக்குத் தூவிடாதீங்க, உங்க ஊர்க்காரங்க இப்படித்தான் கெடுத்துட்டுக் கொண்டுவர்றாங்கன்னு சொன்னாங்களே! ரெண்டு தரம் சொன்னாங்க. நீயும் ஆமா ஆமான்னு மண்டைய ஆட்டின!"

"நீ ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"பீர் உள்ள போனப்புறம் எனக்கு எங்க ஞாபகம்? அதோட நீதான் கேட்டுட்டியே, மேல கொட்டாம பக்கத்துல எங்கயோதான் கொட்டறியாக்கும்னு நெனச்சேன்!"

தெல்ஃபினா கதவருகே நின்றிருந்தாள். நிக்கானோர் திரும்பினான். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்த காகிதப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கேக்கல, தெல்ஃபினா" என்றான். "அந்தம்மா சொன்னது எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன்." காகிதப் பொடியை மேசையில் உதறினான். "நீ பேசறதும்தான். கார்னிவல்லேருந்து ஒண்ணுமே கேக்கல."

அவள் உதடு அசைந்தது. வாயில் தயாராக வந்து நின்ற ஆமாவை அவன் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"கேக்கல" என்றான். "என்ன சொன்ன?"

அவள் திரும்பச் சொல்லவில்லை. தம்பியின் கையிலிருந்த குட்டி விசிறியை வாங்கி அவன் சட்டைப் பையிலேயே போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி வெளியே அனுப்பினாள். பிறகு பல் விளக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து நிக்கானோரிடம் நீட்டினாள்.

அவன் வாழ்க்கையில் எந்தப் பொருளையும் அவ்வளவு பொறுமையாகத் துடைத்ததில்லை. இடுக்கு இடுக்காக, பேன் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு துண்டாக எடுத்தான். மெல்லிய காற்றுக்கு ஈடு கொடுக்கட்டும் என்று பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி, தகடுகள் மேல்நோக்கி நிற்கும்படி வைத்தான். வேகத்தையும் கொஞ்சம் குறைத்தான். ஜன்னலைச் சாத்தி ஓடவிட்டு, தகட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே ஒரு குவளை ஊதாச் சோளக் கஞ்சியை, ஆப்பியை, குடித்து முடித்தான். சூப்புக் கிண்ணம் அளவுதான் சூடு.

தெல்ஃபினா கட்டிலுக்கு அடியிலிருந்து மைக்கையும் சால்வையையும் எடுத்தாள். அவனை வெளித் திண்டில் உட்காரச் சொல்லிக் கை காட்டி, கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அங்கே குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகி உட்கார்ந்திருந்தான். இப்போது அணைந்துவிடுமோ, இப்போது அணைந்துவிடுமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறக்கும்போது நன்றாக வெயில் சாய்ந்திருந்தது. அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அவனை நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள். ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள். பழைய கம்ப்யூட்டரில் இப்படி ஏற்றியபோதெல்லாம் அவனுக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல்தான் வந்தது. இப்போது ஒன்றுமே வரவில்லை. ஓடவில்லையோ என்று நினைத்தான். அந்த வெறுமைக்குள்ளிருந்து யாரோ மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய மூச்சு.

"கிழவா, கேக்குதா? தலையாட்டாத. இது பதிவு. தலையாட்டினா எனக்குத் தெரியாது."

ஆட்டப்போன தலையை நிறுத்தினான். அது பழைய குரல் இல்லை. கனம் இல்லை, அடித்தொண்டை இல்லை. ஆனாலும் அது அவள்தான். வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுப்பது, பேசுவதற்கு முன் உதட்டை ஈரப்படுத்துவது, எல்லாம் அவள்தான். மாதக்கணக்காக எதிரே உட்கார்ந்திருந்தவள் இப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியது போல் இருந்தது.

"சான் குவான் நெருப்புகிட்ட உன்ன ஒண்ணு கேட்டேன். என் குரல் இப்படிப் போயிடுச்சே, என்கூட இருக்கறது உனக்கு அலுத்துப்போச்சான்னு கேட்டேன். நீ சாசேஜ மென்னுக்கிட்டே, ஆமா, ஆமா, ரொம்பன்னு சொன்ன. உனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உள்ள போய் அழுதேன். கேக்காம சொன்னதுதானேன்னு எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிக்கிட்டேன். ஆனா கேட்டுட்டு சொன்ன பதில் ஒண்ணு எங்கிட்ட இல்லையே, நிக்கானோர். அதனால இப்ப திரும்பக் கேக்கறேன்."

மறுபடியும் மூச்சு. பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "ஒரு ஊர்ல ஒரு லாமாவுக்கு இருமல் வந்துச்சாம்" என்று கதை தொடங்கியது. ஒரு துளி இரைச்சல் இல்லை. அந்த லாமா அதே மாதம் மேட்டு ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்து குழந்தைகளைத் தூங்க வைத்தது, அது பின்னால். அப்போது அவன் லாமாவைக் கவனிக்கவே இல்லை. அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் மைக்கைப் பிடித்தபடி, பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவள் மாதிரி நின்றிருந்தாள்.

"இல்ல!" என்றான்.

தலையில் ஹெட்போன் இருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேளம் அடித்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு டிரம்போன் நின்றது, தெருநாய் எழுந்து குரைத்தது.

அவள் சிரிப்பும் அழுகையுமாகக் கதையை நிறுத்தினாள். பிறகு மைக்கை நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிட்டு உதட்டோடு வைத்துக்கொண்டாள். அவள் சொன்னது அவன் காதுக்குள் தெளிவாக வந்து விழுந்தது. "எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தரம் சொல்லு."

"இல்ல, தெல்ஃபினா" என்றான் அவன். "ஒரு நாளும் இல்ல."